கீழாநெல்லியும் அதன் பங்காளிகளும்: இனம் பிரித்தறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை ஓய்ந்து சில வாரங்களில் வரப்பு, கொல்லை, கிணற்றடி, செங்கல் இடுக்கு என ஈரம் தங்கிய இடமெல்லாம் கீழாநெல்லி முளைத்து நிற்கும். முளைத்து, பூத்து, காய்த்து, விதை சிதறி ஒரே பருவத்தில் வாழ்வை முடித்துக்கொள்ளும் ஓராண்டுப் பூண்டு இது. தமிழ்நாட்டில் இதன் பெயர் தெரியாதவர்கள் குறைவு. மஞ்சள் காமாலை என்றதும் பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்லும் செடி. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி நாம் பிடுங்கிவரும் கைப்பிடிக்குள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

"இலைக்குக் கீழே வரிசையாகக் காய் இருந்தால் கீழாநெல்லி" என்பதுதான் நாம் கற்ற ஒரே அடையாளம். கீழாநெல்லி சேர்ந்திருக்கும் பில்லாந்தஸ் பேரினத்தின் எத்தனையோ சிறுபூண்டுகள் இந்த அடையாளத்துக்குப் பொருந்தும். தாவரவியலாளர்களுக்கே இதில் நீண்ட குழப்பம் இருந்தது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பில்லாந்தஸ் நிரூரி என்று பெயரிட்ட இனம் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. நம் ஊர்க் கீழாநெல்லியையும் அதே பெயரில் இந்தியத் தாவர நூல்கள் நூறாண்டுக்கு மேல் எழுதிவந்தன. 1980களில் பழைய உலர்மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான், அந்த ஒரு பெயருக்குள் பில்லாந்தஸ் அமாரஸ், பில்லாந்தஸ் டெபிலிஸ், பில்லாந்தஸ் ஃப்ரேடர்னஸ் என மூன்று இனங்கள் கலந்து கிடப்பது தெளிவானது. இன்றும் மூலிகைப் பொடி டப்பாக்களில் "நிரூரி" என்ற பெயரே அச்சாகி வருவதைப் பார்க்கலாம்.

கடைச் சரக்கிலும் இதே கலப்புதான். தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் வாங்கிய உலர் கீழாநெல்லியைச் சோதித்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, ஏறக்குறைய நான்கில் மூன்று மாதிரிகளில் அமாரஸே பெரும்பங்கு இருந்தது என்றும், மற்றவற்றில் அதன் உறவு இனங்கள் ஐந்து இருந்தன என்றும் கண்டது. கீழாநெல்லியின் கசப்போடு சேர்த்துப் பேசப்படும் பில்லாந்தின் என்னும் பொருள் அமாரஸில்தான் நிறைய உண்டு. எல்லா இனத்திலும் அதே அளவில் கிடையாது. செடிக்கு உள்ளே இப்படி வேறுபாடு இருக்கும்போது, வெளியே ஒரே பெயரால் எல்லாவற்றையும் அழைத்துக்கொண்டிருப்பது சரியல்ல.

இந்தக் கட்டுரை நம் ஊரில் கையில் கிடைக்க வாய்ப்புள்ள ஆறு இனங்களை எடுத்துக்கொள்கிறது: அமாரஸ், டெபிலிஸ், ஃப்ரேடர்னஸ், சிவப்புக் கீழாநெல்லி என்று சொல்லப்படும் யூரினேரியா, மேலாநெல்லி என்று சொல்லப்படும் மெட்ராஸ்படென்சிஸ், நர்சரித் தொட்டிகளோடு பயணம் செய்யும் டெனெல்லஸ். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு லென்ஸும் போதும்.

என்ன வேண்டும், எப்போது போகலாம்

10 மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடையில் கல் பார்க்கப் பயன்படுத்துவார்களே, அதே வகை. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு செடியை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பலர் லென்ஸைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. கூடவே ஒரு குண்டூசி, மில்லிமீட்டர் கோடு போட்ட சிறிய ஸ்கேல், நான்காக மடித்த வெள்ளைத்தாள்.

காலையில் போவது நல்லது. இந்தச் செடிகள் மாலை ஆனதும் இலைகளை மடித்துக்கொள்ளும். அப்போது இலை வடிவமும் தெரியாது, காய் வரிசையும் மறைந்துவிடும். முளைத்துச் சில நாளே ஆன இளஞ்செடியை வைத்துக்கொண்டு இனம் சொல்ல முயலாதீர்கள். ஒரே கிளையில் பூவும் முற்றிய காயும் இருக்கும் செடிதான் வேண்டும். கார்த்திகை முதல் தை வரை அப்படிப்பட்ட செடிகள் எளிதாகக் கிடைக்கும். தண்ணீர் விடும் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

முதலில், இது பில்லாந்தஸ்தானா?

தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் அது அம்மான் பச்சரிசியோ சித்திரப்பாலாடையோ, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த வேறொன்றோ. பில்லாந்தஸில் பால் வராது.

அடுத்தது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. கீழாநெல்லியின் பக்கவாட்டில் நீண்டிருப்பது புளி இலை மாதிரியான கூட்டிலை என்றே யாரும் நினைப்பார்கள். அது கூட்டிலை அல்ல, மெல்லிய சிறுகிளை. அதில் இரு பக்கமும் வரிசை கட்டி நிற்பவை தனித்தனி இலைகள். இதை உறுதிசெய்துகொள்ள வழி எளிது: சிறுகிளையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சிறு இலையின் அடியிலும், அது கிளையோடு சேரும் கக்கத்தில், பூவோ காயோ இருக்கும். தகரை, தொட்டாச்சிணுங்கி போன்ற உண்மையான கூட்டிலைச் செடிகளில் சிற்றிலைகளின் கக்கத்தில் பூ வராது. முழு இலையும் தண்டோடு சேரும் இடத்தில்தான் வரும். இந்த ஒரு வேறுபாடு கண்ணுக்குப் பழகிவிட்டால் அவரை, தகரைக் குடும்பத்து நாற்றுகளைக் கீழாநெல்லி என்று பிடுங்கிவரும் தவறு நின்றுவிடும். பெருநெல்லி மரத்தின் கன்றும் இதே பேரினம், இதே அமைப்பு. ஆனால் அது மரமாகி வளர்ந்த பிறகே காய்க்கும். முழங்கால் உயரம்கூட இல்லாத செடியில் காய் இருந்தால் அது நெல்லிக்கன்று அல்ல.

நடுத்தண்டைப் பாருங்கள்

இப்போது சிறுகிளைகளை விட்டுவிட்டு, நிமிர்ந்து நிற்கும் நடுத்தண்டுக்கு வாருங்கள். அதன்மேல் நேரடியாக இலை இருக்கிறதா?

அமாரஸ், டெபிலிஸ், ஃப்ரேடர்னஸ், யூரினேரியா, டெனெல்லஸ் ஐந்திலும் நடுத்தண்டில் முழு இலை இருக்காது. கணுக்களில் பழுப்பான மிகச் சிறிய செதில்கள் மட்டும் இருக்கும். பச்சை இலை முழுதும் பக்கச் சிறுகிளைகளில்தான்.

மேலாநெல்லியில் அப்படியில்லை. நடுத்தண்டிலும் கிளைகளிலும் ஒன்றுபோல் இலைகள் இருக்கும், தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறும். இலை அடியில் ஆப்பு மாதிரிக் குறுகி, நுனிப்பக்கம் அகன்றிருக்கும். நிறத்தில் சாம்பல் ஓடிய பச்சை. காயும் மற்றவற்றைவிடப் பெரிது, 3 மி.மீ. அளவுக்கு வரும். வறண்ட கரிசல் நிலத்திலும் கடற்கரை மணலிலும் நன்றாக வளரும். நிறைய கிளைவிட்டு, அடித்தண்டு சற்றுக் கட்டையாகி, ஓராண்டைத் தாண்டியும் நிற்கும் செடிகளும் உண்டு. லின்னேயஸ் இதற்கு வைத்த பெயரில் இருப்பது நம் மதராஸ்பட்டணம்தான்.

அதனால் நடுத்தண்டில் நல்ல இலை இருந்தால் மேலாநெல்லிப் பக்கம் போங்கள். விதையைப் பார்த்து உறுதி செய்யலாம், அதைப் பின்னால் சொல்கிறேன். செதில் மட்டும் இருந்தால் அடுத்த படி.

காயின் காம்பும் தோலும்

சிறுகிளையைத் திருப்பிப் பிடித்து, முற்றிய காய்களைப் பாருங்கள். இந்தப் படி எளிது. இரண்டு இனங்களை ஒரே பார்வையில் பிரித்துவிடும்.

காய்க்குக் காம்பு இருப்பதே தெரியாமல் கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா? தோல் சொரசொரப்பாக, சிறு சிறு முண்டுகளோடு, பல சமயம் செம்மை படிந்து இருக்கிறதா? அது யூரினேரியா. தண்டிலும் சிவப்பு ஓடியிருக்கும். இலை விளிம்பின் அடிப்பக்கத்தை லென்ஸில் பார்த்தால் குட்டையான விறைத்த மயிர்கள் தெரியும். இலைகள் நெருக்கமாக, ஒன்றன் விளிம்பு மற்றொன்றைத் தொடுகிற மாதிரி நிற்கும். பறித்த சற்று நேரத்தில் மடிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, காய் நூல் மாதிரி மெலிந்த நீண்ட காம்பில் தொங்கினால் டெனெல்லஸ். காம்பு 4 மி.மீ.க்கு மேல் நீண்டு, இலையைத் தாண்டி எட்டிப்பார்க்கும். மொரீஷியஸ் பக்கத்துத் தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவிய இனம் இது. வயல்வரப்பில் தேடுவதைவிட, கடையில் வாங்கிய ரோஜாத் தொட்டியிலும் குரோட்டன் தொட்டியிலும் தேடுங்கள்.

காய் வழுவழுப்பாக, 2 மி.மீ. அளவில், சற்று அமுங்கிய உருண்டையாக, 1 முதல் 2 மி.மீ. நீளக் குட்டைக் காம்போடு இருந்தால் கையில் இருப்பது அமாரஸ், டெபிலிஸ், ஃப்ரேடர்னஸ் மூன்றில் ஒன்று. தாவர நூல்களையே நூறாண்டு குழப்பிய மூவர் இவர்கள்தான். இங்கிருந்து மெதுவாகப் போக வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்டின் சிவப்பை மட்டும் வைத்து யூரினேரியா என்று முடிவு கட்டாதீர்கள். கடும் வெயிலில் வளர்ந்த மற்ற இனச் செடிகளுக்கும் தண்டு சிவக்கும். நிறம் துணைச் சாட்சி, காய்தான் முதற்சாட்சி.

ஐந்தா, ஆறா?

மூவரையும் பிரிக்கும் முக்கியமான படி இது. பில்லாந்தஸ் பூவில் புல்லி, அல்லி என்று இரண்டு அடுக்கு கிடையாது. ஒரே அடுக்கில் பச்சையும் வெள்ளையுமான இதழ்கள். அமாரஸில் இந்த இதழ்கள் ஐந்து. டெபிலிஸிலும் ஃப்ரேடர்னஸிலும் ஆறு.

பூ விரிந்தாலே 2 மி.மீ.தான் இருக்கும், காற்றில் ஆடும், கை நடுங்கும், எண்ணுவது சிரமம். அதனால் பூவில் எண்ணாதீர்கள், காயில் எண்ணுங்கள். பெண்பூவின் இதழ்கள் காயான பிறகும் உதிர்வதில்லை. காயின் அடியில் விரிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சிறுகிளையை மல்லாத்தி, ஒரு காயைக் குண்டூசியால் லேசாகச் சாய்த்தால், காம்பைச் சுற்றி இதழ்கள் வட்டமாகத் தெரியும். காய் அசையாது, இதழும் அசையாது, நிதானமாக எண்ணலாம். வெயிலில் நின்று எண்ணுங்கள்; நிழலில் இதழோரத்து வெள்ளை தெரியாமல் இரண்டு இதழ் ஒன்றாகத் தோன்றும்.

ஒரு காயில் எண்ணி நிறுத்தக் கூடாது. ஒரே செடியில் ஒன்றிரண்டு பூக்கள் வழக்கம் தவறுவது உண்டு. ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு வரும், ஆறில் ஒன்று குறையும். நான்கைந்து சிறுகிளைகளிலிருந்து பத்துக் காய்களாவது எண்ணுங்கள். பெரும்பான்மை எது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிறுகிளையை அடியிலிருந்து நுனிவரை வாசியுங்கள்

இதழ் எண்ணிக்கை சொன்னதை இன்னொரு வழியில் சரிபார்க்கலாம். எனக்கு இந்தச் செடிகளில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆண்பூவும் பெண்பூவும் ஒரே செடியில் தனித்தனியாக வருகின்றன. சிறுகிளையில் அவை எங்கே வருகின்றன என்பதில் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

அமாரஸின் சிறுகிளை ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். நடுத்தண்டை ஒட்டிய முனையிலிருந்து தொடங்குங்கள். முதல் ஒன்றிரண்டு இலைக் கக்கங்களில் ஆண்பூ மட்டும் இருக்கும், அல்லது அது உதிர்ந்து வெறுமையாக இருக்கும். அடுத்த கக்கத்தில் ஒரு காய். அதன் பக்கத்திலேயே, அதே புள்ளியிலிருந்து, மெல்லிய காம்பில் ஓர் ஆண்பூ. அதற்கடுத்த கக்கத்திலும் அப்படியே, ஒரு பெண், ஒரு ஆண். நுனியை நோக்கிப் போகப்போகக் காய் சிறுக்கும், பிறகு பூவாகும், பிறகு மொட்டாகும். ஒவ்வொரு கக்கத்திலும் இந்த இணை தொடர்ந்து வருவதுதான் அமாரஸின் கையெழுத்து. ஆண்பூ சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்பதால், முற்றிய காய்க்குப் பக்கத்தில் தேடாமல், நுனிப்பக்கம் இளம் பெண்பூவுக்குப் பக்கத்தில் தேடுங்கள். அங்கே ஆண்பூ இன்னும் இருக்கும்.

டெபிலிஸிலும் ஃப்ரேடர்னஸிலும் இந்த இணை கிடையாது. கிளையின் அடிப்பகுதிக் கக்கங்களில் ஆண்பூக்கள் இரண்டு மூன்றாகக் கூடி நிற்கும். நுனிப்பக்கக் கக்கங்களில் பெண்பூ ஒவ்வொன்றாகத் தனித்து நிற்கும். அடிப்பகுதி ஆண்பூக்கள் உதிர்ந்த பிறகு அந்த இடம் வெறிச்சென்று இருக்கும். காய் வரிசை கிளையின் நடுவுக்குப் பக்கத்தில் தொடங்குவதாகத் தோன்றும். யூரினேரியாவில் எல்லாம் தலைகீழ்: காய்கள் அடியில், ஆண்பூக்கள் நுனியில்.

ஆக, கிளையை மல்லாத்திப் பார்த்து, "காய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்" என்று கேட்டுக்கொண்டாலே பாதி விடை வந்துவிடும். இதழ் எண்ணிக்கையும் இந்த ஒழுங்கும் ஒன்றையொன்று ஆமோதித்தால் அமாரஸா அல்லவா என்பதில் சந்தேகம் வேண்டாம். ஒன்று ஐந்து என்றும் மற்றொன்று ஆறின் பக்கமும் சொன்னால் அவசரப்படாமல் வேறு செடி ஒன்றைப் பிடுங்கி மறுபடி பாருங்கள். பல நேரம் இரண்டு செடிகளின் கிளைகள் பையில் கலந்திருக்கும். ஒரு செடிக்கு ஒரு தாள் மடிப்பு என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

டெபிலிஸா, ஃப்ரேடர்னஸா?

ஆறு இதழ் என்று தெரிந்த பிறகு இந்தக் கேள்வி வரும். மூவரில் கடினமான பகுதி இது.

இலையைப் பாருங்கள். டெபிலிஸ் இலை இரு முனையிலும் குறுகும். நுனி சற்றுக் கூராகவே முடியும். ஃப்ரேடர்னஸ் இலை ஒடுக்கமான நீள்சதுரம், நுனி மழுங்கல். பிறகு காயின் அடியில் உள்ள இதழ்கள்: ஃப்ரேடர்னஸில் நடுவில் ஒரு பச்சைக் கோடும் இரு பக்கமும் அகன்ற வெள்ளை ஓரமும் லென்ஸில் பளிச்சென்று தெரியும்.

இடமும் கொஞ்சம் உதவும். டெபிலிஸ் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனில் மருத்துவராக இருந்த க்ளைன் இட்ட பெயரை வைத்து ஜெர்மன் தாவரவியலாளர் வில்டனோவ் 1805இல் வெளியிட்ட இனம் அது. ஃப்ரேடர்னஸ் வட இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் அதிகம். 1955இல்தான் அமெரிக்கத் தாவரவியலாளர் வெப்ஸ்டர் அதைத் தனி இனமாகப் பிரித்துப் பெயரிட்டார். எனவே தஞ்சாவூர் வரப்பில் ஆறு இதழ்ச் செடி கிடைத்தால் டெபிலிஸ் என்று முதலில் நினைப்பதில் தவறில்லை. ஆனால் நினைப்பது வேறு, முடிவு செய்வது வேறு. களைச்செடி நெல்விதையோடும் தொட்டி மண்ணோடும் எங்கும் போகும். இலையும் இதழோரமும் தெளிவாக ஒரு பக்கம் சாயாவிட்டால், குறிப்பேட்டில் "டெபிலிஸ் அல்லது ஃப்ரேடர்னஸ்" என்று எழுதி வையுங்கள். அதுவும் சரியான விடையே.

ஒரு கேள்வி எழலாம்: மூவரில் அமாரஸை இலையை வைத்தே பிரிக்க முடியாதா? அமாரஸ் இலை நீள்வட்டம், இரு முனையும் உருண்டை, 5 முதல் 10 மி.மீ. நீளம் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதே அமாரஸ் வாழைத்தோப்பு நிழலில் வளர்ந்தால் இலை பெரிதாகி மெலியும். சிமென்ட் வெடிப்பில் வளர்ந்தால் பாதியாகச் சிறுக்கும். அதனால்தான் இலையைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

விதை: கடைசி உறுதி

எல்லாப் படிகளையும் முடித்து, இன்னும் உறுதி வேண்டும் என்பவர்களுக்கு விதை. காய் மூன்று அறைகள் கொண்டது. அறைக்கு இரண்டாக மொத்தம் ஆறு விதைகள். விதை 1 மி.மீ. அளவு, ஆரஞ்சுச் சுளையின் வடிவம், வளைந்த முதுகும் இரண்டு தட்டைப் பக்கங்களும்.

முற்றிய காயை அமுக்கி எடுக்காதீர்கள், விதை நசுங்கும். மஞ்சள் படரத் தொடங்கிய காய்கள் நிறைந்த கிளையைத் தாளில் மடித்து, ஓரங்களை நன்றாக மூடி, வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். காய் தானே வெடித்து விதையைத் தெறிக்கும். தாளை மூடாமல் விட்டால் மறுநாள் விதை அறை முழுக்கக் கிடக்கும்.

விதையின் முதுகைச் சாய்வு வெளிச்சத்தில் லென்ஸ் வழியே பாருங்கள். அமாரஸில் மேலிருந்து கீழாக ஐந்தாறு நேர்வரம்புகள் ஓடும். அவற்றுக்கு இடையே மிக நுண்ணிய குறுக்குக் கீறல்கள். டெபிலிஸ், ஃப்ரேடர்னஸ் இரண்டிலும் நேர்வரம்புகளே. அதனால் மூவரையும் விதையால் மட்டும் பிரிக்க முயல வேண்டாம். யூரினேரியாவில் வரம்புகள் குறுக்கே ஓடும்; பக்கவாட்டில் ஆழமான குழிகளும் இருக்கும். மேலாநெல்லியிலும் டெனெல்லஸிலும் வரம்பு கிடையாது, நுண்ணிய புள்ளி முண்டுகள்தான். அமெரிக்கச் செடியான உண்மையான நிரூரியின் விதையும் முண்டு வகையே. அதன் மூன்று மகரந்தத்தாள்களும் தனித்தனியாக நிற்கும். அமாரஸில் அவை ஒரே தூணாகச் சேர்ந்திருக்கும். உலர்ந்து இலை உதிர்ந்துபோன கடைச் சரக்கில்கூட இந்த விதைகள் அடியில் தங்கியிருக்கும். பொட்டலத்தைத் தாளில் தட்டிப் பாருங்கள். குறுக்கு வரம்போ புள்ளியோ உள்ள விதை கலந்திருந்தால் சரக்கும் கலப்படம்தான்.

கைபேசிச் செயலிகளை எவ்வளவு நம்பலாம்?

பேரினம் வரை நம்பலாம். இனம் வரை, இந்தக் கூட்டத்தில், நம்ப வேண்டாம். மேலிருந்து எடுத்த இலைப் படத்தில் மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்றுகூடப் பதிவாகாது. செயலி எதை வைத்துச் சொல்லும்? ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதிவேற்றினால், பின்னால் பார்க்கும் ஒருவர் இனம் சொல்லக்கூடிய படங்களைக் கொடுங்கள்: முழுச்செடி, நடுத்தண்டின் ஒரு கணு, மல்லாத்திய சிறுகிளை அடி முதல் நுனி வரை, காயின் அடியில் இதழ்கள் தெரியும்படி ஒன்று, ஸ்கேலோடு ஓர் இலை. முடிந்தால் விதை. கைபேசிக் கேமரா மேல் கைலென்ஸை ஒட்டிப் பிடித்தாலே இதழ்ப் படம் தெளிவாக வரும்.

மருந்துக்காக அடையாளம் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1988இல் சென்னையில் ஹெபடைடிஸ் பி கிருமி தங்கியவர்களுக்கு அமாரஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வு உலகக் கவனம் பெற்றது. பின்னர் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும்தான். செடியைச் சரியாக இனம் கண்டுவிட்டது சிகிச்சை ஆகாது. சாலையோரத்திலும் களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் பிடுங்கியதை வாயில் வைக்கவே வேண்டாம்.

மாதிரியைச் சேமித்தல்

சந்தேகமான செடியை விவரம் தெரிந்தவர்களிடம் காட்ட விரும்பினால் உலர்மாதிரி செய்து வையுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் மெட்ராஸ் ஹெர்பேரியமும் (உலர்தாவரக் காப்பகம்), திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியமும் இருக்கின்றன. பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையிலும் கேட்கலாம். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் வேரோடு முழுச்செடி வேண்டும்.

இந்தச் செடிகளில் ஒரு சிக்கல்: மெதுவாகக் காய்ந்தால் இலையும் சிறுகிளையும் கொட்டிவிடும். கொட்டிய பிறகு எந்தக் கக்கத்தில் எந்தப் பூ இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிடுங்கிய இடத்திலேயே, இலை மடிவதற்கு முன், செய்தித்தாளுக்குள் விரித்து அமுக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு சிறுகிளைகளை அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். முதல் மூன்று நாளும் தாளைத் தினமும் மாற்றுங்கள். உதிர்ந்த காய்களையும் விதைகளையும் சிறு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். சீட்டில் தேதி, ஊர், மாவட்டம், வரப்பா தொட்டியா நிழலா வெயிலா, தண்டின் நிறம், காயில் எண்ணிய இதழ்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். காய்ந்த பிறகு தண்டின் நிறம் மாறிவிடும், அதைப் பச்சையாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். இனப்பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். காய் வெடித்து விதையைப் பார்த்த பிறகு மாற்ற வேண்டிவரலாம்.